பழசு இடது பக்கம், புதுசு வலது பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக ஊறுகாய் ஜாடிக்கு அடியில் கிடந்ததில் அட்டையில் ஓர் எண்ணெய் வட்டம். முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருக்கிறார்கள். எழுதத் தைரியம் வரட்டும் என்று முதலில் அதை நிரப்பினேன். பெயர்: ஜெபராணி. வயது: 47. தொழில்: எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன், பாளையங்கோட்டை. ரத்த வகை: ஓ பாசிட்டிவ். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். அதில் எப்போதும் முப்பிடாதி நம்பரைத்தான் போடுவேன். என் வீட்டுக்காரர் போனை எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

முப்பிடாதி எங்கள் ஸ்கேன் சென்டரில் நோயாளிகளைத் தயார் செய்கிறவள். தோடு, கொலுசு, அரைஞாண், ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்ற வைத்து, பச்சை அங்கியை மாட்டி உள்ளே அனுப்புவாள். எங்கள் மிஷின் பெரிய காந்தம். இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. அவள் வாய் ஓயாது. பயந்து வருகிறவர்கள் அவள் பேச்சைக் கேட்டே பாதி தெளிந்துவிடுவார்கள்.

நேற்று அந்த வாய் நின்றுபோனது. ஒரு பெரியம்மாவிடம் தோட்டைக் கழற்றச் சொல்லப் போனவளுக்கு வார்த்தை வரவில்லை. தன் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறாள், வாய் திறந்து திறந்து மூடுகிறது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு, “தோடு, தோடு! சவம் தொண்டைக்குள்ளயே ஒளிஞ்சிக்கிட்டு” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்கு டாக்டர் அவளைப் படுக்க வைத்து எடுக்கச் சொன்னார். எடுத்தது நான்தான். இடது பக்கம், நெற்றிப்பொட்டுக்கு மேலே, வேப்பங்கொட்டை அளவில் ஓர் உருண்டை. பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். மூளைக்குள் இல்லை, மூளையைச் சுற்றியிருக்கிற உறையில் வளரும் கட்டி, பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது, ஆனால் பேச்சு இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டர் ராஜநாயகம். மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பயமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

மாவு புளித்துவிட்டது. பணியாரமாக ஊற்றினேன். யாரும் சாப்பிடவில்லை, நானும்தான்.

ஜூன் 6, வெள்ளி

மதுரை போய்வந்தவள் வீட்டில் இருக்காமல் நேரே வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருந்தால் சுவர் பேசுகிறதாம்.

“பெரிய டாக்டர் ரெண்டு வழி சொல்லுதாங்கக்கா. இது ரொம்ப நாளா இப்படியே கெடக்குதுன்னா தொடவே வேண்டாமாம். அப்பப்போ படம் எடுத்துப் பாத்துக்கிட்டாப் போதுமாம். புதுசா வளருதுன்னா வெட்டித்தான் எடுக்கணுமாம். பத்தொம்பதாந்தேதின்னு எழுதியே குடுத்துட்டாங்க.”

“வெட்டுனா?”

“பேச்சு போனாலும் போகலாமாம். திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம்னாங்க. எம் மவ குத்த வச்சி அழுதா. இத்தன நாளா ‘வாய மூடும்மா’ன்னு சொன்ன பிள்ளக்கா அது.”

பழைய படம் ஏதாவது இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றாராம் பெரிய டாக்டர். இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். விருதுநகர் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்ததாம்.

“ஏக்கா, நம்ம மிஷின் வந்த அன்னைக்கு என்னயத்தான படுக்க வச்சிய?”

அப்படி ஒரு வழக்கம் உண்டு. புது மிஷின் வந்தால் முதல் நோயாளிக்கு முன்னால் நல்லாயிருக்கிற ஆள் ஒருவரைப் படுக்க வைத்துச் சரிபார்ப்பார்கள். பெயர் என்ற இடத்தில் டெஸ்ட் என்று அடிப்போம். வயது தொண்ணூற்றொன்பது. அந்தப் படத்தை எந்த டாக்டரும் பார்க்க மாட்டார். மிஷின் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் அது, ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்க்க இல்லை. நாலு வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்டில், அந்த மிஷினின் திறப்பு விழா அன்றைக்கு, கழுத்து மணியைக் கழற்றிவிட்டு மகாராணி மாதிரி முப்பிடாதி போய்ப் படுத்தாள்.

“அது டெஸ்ட்டுல்லா. அன்னைக்கே அழிச்சிருப்பாவ” என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. அன்றைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. ஒரே கூட்டம். நான் காபி வாங்கப் போயிருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 7, சனி

முப்பிடாதி விடுகிற ஆளா? டாக்டரிடமே போய்க் கேட்டுவிட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஜெபராணி, மிஷின்ல அழிச்சாலும் என் ரூம் கம்ப்யூட்டருக்குத் தானா ஒரு காப்பி வந்திருக்குமே. அந்தக் கம்ப்யூட்டர மாத்திட்டோம். அதுல இருந்த டிஸ்க் எல்லாம் எங்க?”

எங்கே என்று எனக்குத் தெரியும். எக்ஸ்ரே பிலிம் வைக்கிற பீரோவில், கீழ்த் தட்டில், மிட்டாய்க் கடை அட்டைப் பெட்டிக்குள் பதினொரு ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டர் நிறைந்து திணறும்போதெல்லாம் கழற்றிக் கழற்றிப் போட்டது. தூக்கி எறியவும் மனசு வராது, திறந்து பார்க்கவும் ஆள் கிடையாது. ஒவ்வொன்றிலும் காயத்துக்குப் போடுகிற லுக்கோபிளாஸ்ட் டேப்பை ஒட்டித் தேதி எழுதியிருக்கிறேன். எழுதியது கழற்றிய தேதி. உள்ளே எந்த மாதத்துப் படம் இருக்கிறது என்று எழுதவில்லை. என் மூளை அவ்வளவுதான்.

“இருக்கு சார்” என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூன் 9, திங்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் சேர்மக்கனி அண்ணாச்சி வந்தார். கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டால் அது வெறும் இரும்புக் கட்டி, செருக ஒரு வயர்கூடக் கிடையாது. அதற்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். டாக்கிங் ஸ்டேஷனாம். ரொட்டி சுடுகிற மிஷின் மாதிரி மேலே இரண்டு குழி. டிஸ்க்கைப் பல் இருக்கிற பக்கம் கீழே வருகிற மாதிரி குழியில் இறக்கி, சுவிட்சைப் போட்டு, வயரைக் கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் போலத் திறக்கிறது. இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முதல் டிஸ்க் அசையவே இல்லை. இரண்டாவதில் 2023-ஆம் வருஷத்துப் படங்கள். மூன்றாவதை இறக்கியதும் திரையில் ஒரு கட்டம் வந்தது: இந்த டிஸ்க்கை உபயோகிக்க முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

“இதுக்கு மட்டும் ஆமான்னு அமுக்கிராதிய தங்கச்சி. அமுக்குனா உள்ள இருக்கது அம்புட்டும் போச்சு. படிக்கத் தெரியாதவன் புஸ்தகத்தக் கிழிச்சிரட்டான்னு கேக்க மாதிரி இது. வேண்டாம்னு சொல்லிட்டு, டிஸ்க்க ஓரமா வச்சிருங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

நாலு டிஸ்க் பார்ப்பதற்குள் தூத்துக்குடியிலிருந்து அவருக்குப் போன் வந்துவிட்டது. பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். மீதி ஏழையும் நான்தான் பார்க்க வேண்டும்.

ஏதாவது சத்தம் கேட்டால் உடனே நிறுத்தச் சொன்னார். என்ன சத்தம் என்றேன். பல்லி கத்துகிற மாதிரி என்றார். இப்போது வீட்டில் பல்லி கத்தினாலும் தூக்கிவாரிப் போடுகிறது.

ஜூன் 10, செவ்வாய்

ஐந்தும் ஆறும் பார்த்தேன். பெயர்ப் பட்டியலில் எத்தனையோ தெரிந்த பெயர்கள். எங்கள் சபை உபதேசியார் முதுகெலும்பு இருந்தது. அவரை அடக்கம் செய்து ஒரு வருஷம் ஆகிறது.

மத்தியானம் உடை மாற்றும் அறைக்குப் போனால் திரைக்குப் பின்னால் முப்பிடாதி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். “ஏட்டி எந்திரி, மணி ஏழாச்சு. இன்னும் என்ன உறக்கம்?” திரையை விலக்கினேன். போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறாள்.

“பதிஞ்சி வைக்கேன்க்கா. பேச்சு போச்சின்னா எம் மவளக் காலம்பற யாரு எழுப்புவா?”

சாப்பிடக் கூப்பிடுவது, தலையைத் துவட்டு என்பது, வண்டியை மெதுவா ஓட்டு என்பது, எல்லாம் பதிகிறாளாம். நான் வெளியே வந்து, ஒரு முழங்கால் ஸ்கேனை இரண்டு தடவை எடுத்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

ஏழாவது டிஸ்க். பதினொன்றே கால் மணி.

பட்டியலில் கீழே போய்க்கொண்டே இருந்தேன். டெஸ்ட். பெண். வயது 99. தேதி 14.08.2021.

திறக்கவில்லை. திறப்பதற்குள் பல்லி கத்திவிட்டது. டிக், டிக், டிக். சுவிட்சை அணைத்துவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“திறந்து பாக்காதிய. சாகக் கெடக்க டிஸ்க்கு அது. இன்னும் ஒருக்கத்தான் ஓடும்னு வச்சிக்கிடுங்க. முதல்ல காப்பி எடுக்கணும். அந்தப் பெட்டிக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம், அதுவே எடுக்கும். டாக்டர்ட்ட சொல்லி ஒரு டெரா டிஸ்க்கு புதுசா வாங்குங்க. பழசு இடது பக்கம், புதுசு வலது பக்கம். முன்னால இருக்க பட்டன அஞ்சி வினாடி அமுக்கிப் பிடிங்க. இடதுல இருக்கது அப்படியே வலதுல ஏறிரும். மாத்தி வச்சிராதிய தங்கச்சி. மாத்தி வச்சா காலி டிஸ்க்கு பழசு மேல ஏறி, எல்லாத்தயும் தொடச்சிப் போட்டுரும்.”

மூன்று தடவை சொல்ல வைத்தேன். லுக்கோபிளாஸ்ட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன்: பழசு இடது, புதுசு வலது.

முப்பிடாதியிடம் கிடைத்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆசை காட்டி மோசம் செய்துவிடக் கூடாது பாருங்கள். அதனால்தான் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

காலையில் புது டிஸ்க் வந்தது. பதினோரு மணிக்கு ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் பத்து நிமிஷம் கிடைத்தது. இரண்டு டிஸ்க்கையும் இறக்கினேன். பட்டனை அமுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இரண்டு விளக்கும் சிவப்பாகி மின்ன ஆரம்பித்தன. வயரைப் பிடுங்கிவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

“எத எங்க வச்சிய?”

பார்த்தேன். புதுசு இடது பக்கம். பழசு வலது பக்கம்.

“ஏ யம்மா! படிச்சிப் படிச்சிச் சொன்னம்லா! நல்ல காலம், பழசு அளவுல சின்னது. ஒரு டெராவ ஐந்நூறு ஜி.பி.க்குள்ள அடைக்க முடியாதுன்னு பெட்டி மாட்டேன்னுட்டு. அதான் செவப்பு. ரெண்டும் ஒரே அளவா இருந்திருந்தா இந்நேரம் ஒரு படம் மிஞ்சாது.”

பழைய டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

கை தவறிவிட்டது. பதற்றத்தில் யாருக்கும் நடக்கும். எதிரே என் கையெழுத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததைக்கூடப் பார்க்கவில்லை என்றால் எவ்வளவு பதற்றம் என்று தெரிந்துகொள்ளலாம்.

பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

உபவாசம் இருந்தேன். வீட்டுக்காரர் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

சாயங்காலம் முப்பிடாதி என் போனுக்கு இருபத்தாறு குரல் பதிவு அனுப்பினாள். தன் போன் பழசு, எப்போது போகும் என்று தெரியாது, உங்களிடமும் ஒரு காப்பி இருக்கட்டும் என்று எழுதியிருந்தாள். மகளுக்கு, வீட்டுக்காரருக்கு, கறிக்கடைக்காரருக்குக்கூட ஒன்று. கடைசியில் என் பெயர் போட்டு ஒன்று. மூன்று வினாடிதான்.

“ஜெபராணிக்கா, சாப்பிட்டியளா?”

அடுப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஜூன் 14, சனி

காலை ஏழரைக்கே போய்விட்டேன். ஆள் வருவதற்குள் பீரோவைத் திறந்தேன். பழசு இடது. புதுசு வலது. கையை எடுத்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். பட்டன். ஐந்து வினாடி. இந்தத் தடவை பச்சை.

கால், அரை, முக்கால், முழுசு என்று நாலு விளக்கு. முதல் விளக்கு நிலையாக எரிய ஒரு மணி நேரம். உள்ளே ஒருவருக்கு இடுப்பு எலும்பு எடுத்துக்கொண்டிருந்தேன், காது முழுக்கப் பீரோப் பக்கம். நடுவில் டிக் டிக் என்றது. ஆண்டவரே, இன்னும் கொஞ்சம் என்றேன். பதினொன்றரைக்கு நாலாவது விளக்கும் நின்றது.

புது டிஸ்க்கைத் திறந்தேன்.

நான் காபி வாங்கப் போகவில்லை. இதை எங்கேயாவது எழுதித்தானே ஆக வேண்டும்? அன்றைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது நான். மிஷின் கம்பெனி இன்ஜினியர் சாப்பிடக் கீழே போயிருந்தார். படம் வரிசையாக வந்தது. இடது பக்கத்தில் ஓர் உருண்டை வந்தது. நான் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் கோடு போட்டு அளந்தேன். அளந்த படத்தைத் தனியாகச் சேமித்தேன், டாக்டரிடம் காட்டலாம் என்று. முப்பிடாதி வெளியே வந்து, “என்னக்கா, உள்ள என்ன இருக்கு?” என்று கேட்டாள். சுற்றிலும் விருந்தாளிகள். “ஒண்ணுமே இல்லட்டி. காலி வீடு. வாடகைக்கு விடலாம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். அந்தக் கேலியை அவளே நாலு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

எங்கள் தொழிலில் படம் எடுக்கிறவர் வாய் திறக்கக் கூடாது. டாக்டர் சொல்லுவாங்க என்பதுதான் எங்களுக்கு வேதவாக்கு. முன்பு நாகர்கோவிலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு அம்மாவிடம் கட்டி இருக்கிற மாதிரி தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். அது வெறும் ரத்தக் குழாய். அந்த அம்மா மயங்கி விழுந்து, என் வேலை போய், ஒன்பது மாதம் வீட்டில் இருந்தேன். இங்கேயும் தப்பாகச் சொல்லிவிட்டால்? நாளைக்கு டாக்டரிடம் காட்டலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை முப்பது நோயாளி. செவ்வாய்க்கிழமை பட்டியலில் அந்த டெஸ்ட் என்ற பெயரைப் பார்க்கவே பிடிக்காமல் அழித்துவிட்டேன். பிறகு நாளை நாளை என்று நாலு வருஷம்.

கோடு அப்படியே இருந்தது. பதினொன்று புள்ளி நாலு மில்லிமீட்டர். எண் எனக்கு மறந்தேபோயிருந்தது. சின்னப் புள்ளி என்றுதான் நினைவு. அன்று சின்னதாக இருந்து இன்று பெரிதாகியிருந்தால் அந்த நாலு வருஷத்தைத் தின்றது நான் என்று ஆகும். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாளும்.

பின்னால் டாக்டர் நிற்பது தெரியவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். பக்கத்துத் திரையில் இந்த மாதப் படத்தை வரவழைத்து அளந்தார். பதினொன்று புள்ளி எட்டு.

“நாலு வருஷத்துல அரை மில்லிகூட இல்ல! அது அளக்கிற கை வித்தியாசம். ஜெபராணி, இது வளரவே இல்ல! பழசுல கோடு போட்டது யாரு?”

“நான்தான் சார். இப்போ பாத்ததும் அளந்தேன்.”

படத்தின் மூலையில் பொடி எழுத்தில் அளந்த தேதி இருந்தது. அவர் கட்டியைத்தான் பார்த்தார்.

ஜூன் 16, திங்கள்

மதுரை டாக்டர் இரண்டு படத்தையும் பார்த்துவிட்டார். ஆபரேஷன் வேண்டாம். வலிப்புக்கு ஒரு மாத்திரை, ஆறு மாதம் கழித்து மறுபடி படம். அன்றைக்கு வார்த்தை நின்றதும் ஒரு வகை வலிப்புதானாம்.

முப்பிடாதி ஒரு கிலோ அல்வா வாங்கி வந்தாள். டாக்டர் எல்லோர் முன்னாலும், “ஜெபராணியோட பொறுமை யாருக்கும் வராது. பதினோரு டிஸ்க்குல தேடி எடுத்திருக்காங்க” என்றார். கை தட்டினார்கள். முப்பிடாதி என் வாயில் அல்வாவைத் திணித்தாள். விழுங்க முடியாமல் கழிப்பறையில் போய்த் துப்பினேன்.

எல்லாம் நல்லபடி முடிந்ததே, இனி எதற்குப் பயம்? ஆனால் கூடிக்கொண்டேதான் போகிறது.

ஜூன் 18, புதன்

மத்தியானம் உடை மாற்றும் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முப்பிடாதி அவியலை என் தட்டில் தள்ளினாள்.

“டாக்டருமாரு பாக்கலன்னா போட்டும். நீங்க அன்னைக்கு அதப் பாத்திருந்தா அப்பமே எங்கிட்ட சொல்லியிருப்பிய. எனக்குத் தெரியும்லா.”

“பாத்தேன்” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டுகொண்டாள்.

“பாத்துட்டா காலி வீடுன்னிய?”

“ஆமா.”

நாகர்கோவில் கதையைச் சொன்னேன். டெஸ்ட்டை அழித்ததையும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

“பயந்துட்டிய” என்றாள் கடைசியில். “சரி. சொல்லியிருந்தா நாலு வருசமா நானும் பயந்துக்கிட்டேதான் கெடந்திருப்பேன். எம் மவ சடங்க அவ்வளவு சந்தோசமா நடத்தியிருக்க மாட்டேன். போட்டும்க்கா, விடுங்க.” இடது கையால் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மன்னிப்புக் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் மன்னித்தது பாதியைத்தான். மீதியை வைத்துக்கொண்டு இவளோடு தினமும் சாப்பிட முடியாது என்று தோன்றியது.

“இன்னொண்ணு இருக்கு” என்றேன். “போன வியாழக்கிழம டிஸ்க்க மாத்தி வச்சி பட்டன அமுக்கிட்டேன்.”

“அண்ணாச்சி சொன்னாரே. கை தவறிப் போச்சின்னு.”

“கை தவறல. தெரிஞ்சேதான் மாத்தி வச்சேன். எங் கோடு அதுல இருக்கும்னு தெரியும். அழிஞ்சிரட்டும்னு வச்சேன். பெட்டிதான் மாட்டேன்னுட்டு.”

அவளுக்கு உடனே புரியவில்லை. ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு என் கையிலிருந்து தன் கையை எடுத்தாள்.

“நாளைக்குப் பத்தொம்பது” என்றாள். “நாளைக்கு எந் தலயத் தெறந்திருப்பாவ.”

நான் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

“நான் அந்தப் பக்கம் நின்னு எம் பிள்ளைக்குப் பேசிப் பதிஞ்சிக்கிட்டு இருந்தேன். அத நீங்க பாத்திய. பாத்துட்டுத்தான் போயி அமுக்குனிய.”

டிபன் பாக்ஸை மூடினாள். கையைக் கழுவினாள். தொங்கிக்கொண்டிருந்த பச்சை அங்கியை எடுத்து மடித்து வைத்தாள்.

“ரெண்டு மணி பேஷண்ட் வந்தாச்சு. அனுப்பட்டுமா மேடம்?” என்றாள்.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை.

ஜூலை 2, புதன்

டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பீரோச் சாவியை வாங்கிக்கொண்டார். இனி டெஸ்ட் படமானாலும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவாராம். வேறு டெக்னீஷியன் கிடைக்கும்வரை இருக்கச் சொன்னார். கிடைக்கவில்லை, இருக்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

நல்லா இருக்கீங்களா மேடம். பேஷண்ட் வந்தாச்சு மேடம். சரிங்க மேடம். மூன்று மாதமாக இவ்வளவுதான். சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. போனில் அந்த மூன்று வினாடிப் பதிவு இருக்கிறது. போட்டுக் கேட்கத் தைரியம் இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

ஆறு மாதம் ஆகிவிட்டது. மறுபடி படம் எடுக்க வேண்டும். மதுரையிலேயே எடுத்துக்கொள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கேதான் போவாள் என்று நானும் நினைத்தேன். காலையில் பட்டியலைப் பார்த்தால் பத்து மணிக்கு அவள் பெயர்.

தானே தோட்டைக் கழற்றி, தானே அங்கியை மாட்டிக்கொண்டு வந்தாள். மேஜையில் படுத்தாள். தலையைச் சரிசெய்ய அவள் நெற்றியைத் தொட வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். ஜூன் மாதத்தில் பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அப்போது எனக்காகப் பயந்தேன். இன்றைக்கு வந்த பயம் வேறு. உருண்டை வளர்ந்திருந்தால்? படம் வரிசையாக இறங்கியது. இடது பக்கம் வந்தது. கோடு போட்டேன். நம்பாமல் அழித்து இன்னும் இரண்டு தடவை போட்டேன். மூன்று தடவையும் ஒரே எண்.

மைக்கில் அவள் குரல் கேட்டது.

“எவ்வளவு?”

டாக்டர் சொல்லுவாங்க என்றுதான் நான் சொல்ல வேண்டும். டாக்டர் கீழே இருந்தார். நான் மைக் பட்டனை அமுக்கினேன்.

“பதினொண்ணு புள்ளி ஆறு. அப்படியேதான் இருக்கு.”

கண்ணாடி வழியாக அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அசையவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“கால் குளிருது” என்றாள் கடைசியில். “போர்வை இருந்தாக் கொண்டாங்க.”

அக்கா என்றும் சொல்லவில்லை, மேடம் என்றும் சொல்லவில்லை. நான் போர்வையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.